பட்டணத்துப் பக்கம் தெரிந்த சிவப்பு

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணம் பாதிக்கு மேல் காலியான யுத்த காலத்துச் சித்திரை மாதம் அது. நானும் என் நாத்தனாரும் அம்பத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் பின்கட்டு அறையை வாடகைக்குப் பிடித்து வந்து சேர்ந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. லீவு கிடைக்காததால் அவர் மட்டும் பட்டணத்தில் தங்கிவிட்டார்.

வந்த அன்றே அது நடந்தது. பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியிருந்தது. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் என்னைக் கூப்பிட்டாள். பனைமரங்களுக்குப் பின்னால் அடிவானம் சிவந்திருந்தது. நாங்கள் ரயிலில் வந்த திசை அது. பட்டணம் இருக்கும் திசை.

"அண்ணி, அண்ணன் அங்கதானே கீறாரு" என்றாள்.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். பட்டணத்தில் இரவில் விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. அங்கிருந்து வெளிச்சம் வருகிறதென்றால் தீப்பிடித்திருக்க வேண்டும். குண்டுச் சத்தம் கேட்கவில்லை. இவ்வளவு தூரத்துக்குக் கேட்குமா என்பதும் தெரியவில்லை. சிவப்பு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

மாட்டுக்கு வைக்கோல் எடுத்து வந்த வீட்டுக்கார அம்மாள் எதிரே வந்தாள். "இந்நேரத்துல எங்கம்மா கெளம்பிகினே?"

கையை நீட்டிக் காட்டினேன். வைக்கோலைக் கீழே வைக்காமலே திரும்பிப் பார்த்தாள். "நெலா வருது. உங்க ஊர்ல அதையும் பூட்டி வச்சிருப்பாங்களா?"

நான் நம்பாமல் மேலே நடந்தேன். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள். எனக்குத் தெரிந்த நிலா எதிர்வீட்டு மாடிக்கு மேல் வரும்போதே வெள்ளையாக இருக்கும். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள்தான் ஆகிறது என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. பனை மட்டைகளுக்கு நடுவே ஒரு விளிம்பு எழுந்தபோதும் தீக்கொழுந்து என்றே நினைத்தேன். ஓரம் சற்றே தேய்ந்த வட்டமாக அது மரங்களை விட்டு மேலே வந்த பிறகுதான் கால் நின்றது.

நாத்தனார் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நிலா என்பது நிச்சயமாயிற்று. அவர் நலமாக இருக்கிறாரா என்பது மட்டும் முன்பு போலவே தெரியாமல் இருந்தது.

விடியற்காலையில் அந்தப் பனைகளுக்குச் சற்று இடப்பக்கம் மறுபடி சிவந்தது. சூரியன்தான் என்று தெரியும். ஆனாலும் முழுதாக மேலே வரும்வரை நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலில் வந்து இறங்கினார். இன்றும் அடிவானம் சிவந்தால், அது என்னவென்று தெரிந்த பிறகும், வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வானத்தைப் பார்க்கிறேன்.