அண்ணன் நெஞ்சில் சுற்றிய துணி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஓடிய தழும்பைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. பொதுவாகவே எனக்குப் பேச்சு வராதுதான்.

மலாக்கா டவுனில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டரிடம் மாதாமாதம் காட்டப் போவோம். "இந்த ஒட்டு எத்தனை வருசம் தாங்கும் டாக்டர்?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். டாக்டர் மறைக்கவில்லை. காலில் மெதுவான ஓட்டத்துக்குப் பழகிய குழாய் அது. இதயத்தின் வேகத்தில் விரியும், சுவர் தடிக்கும், சிலருக்கு அடைத்தும் போகும் என்றார். வெளிநாட்டில் அதன்மேல் வலைபோல ஓர் உறையைப் போட்டுப் பார்க்கிறார்கள், ஆனால் இன்னும் பன்றிகளுக்குத்தான் என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. புக்கிட் ரம்பாயில் ரப்பர் ஹோஸ் செய்யும் தொழிற்சாலையில் என் வேலையே அதுதான். ரப்பர் குழாயின்மேல் நைலான் நூலைப் பின்னும் மெஷினில் நிற்பவன் நான். பின்னல் இல்லாமல் பம்பில் மாட்டினால் குழாய் தவளை வயிறாக உப்பிவிடும். ஆறாம் வகுப்போடு நின்ற நான் தினமும் செய்வதை, எங்கோ பெரிய டாக்டர்கள் இதயத்தில் செய்து பார்க்கிறார்கள்! பஸ் எங்கள் ஊரான அலோர் காஜா வந்து சேரும்வரை அண்ணனிடம் இதையே பேசினேன்.

அதுதான் வினையானது.

அடுத்த வாரம் அண்ணி ஆள் அனுப்பினார். அண்ணன் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள்ளே, நெஞ்சைச் சுற்றி, கிழித்த சேலைத் துணி ஐந்தாறு சுற்று. எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். தலைவலித்தால் தலையில், இடுப்புப் பிடித்தால் இடுப்பில், பிள்ளை பெற்றால் வயிற்றில், துணியை இறுக்கிக் கட்டுவதுதான் முதல் மருந்து.

"நீதானடா சொன்னே, வெளிய கட்டு இல்லேன்னா உப்பிடும்னு?"

"நெஞ்சுக்கு இல்லண்ணே, குழாய்க்கு..."

"குழாய் எங்க இருக்கு? நெஞ்சுக்குள்ளதானே லா!"

"வாயே திறக்காத மனுசன், திறந்தா இப்படியா தம்பி?" என்றார் அண்ணி.

டாக்டர் சொன்னால்தான் அவிழ்ப்பேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். டாக்சியில் கூட்டிப்போனேன். நடந்ததை நானே சொல்ல வேண்டியதாயிற்று. தரையைப் பார்த்தபடி என் ஹோஸ் கதை முழுவதையும் சொல்லி முடித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, நடுவுல விலா எலும்புக் கூடு இருக்கு. இந்தத் துணி அந்தக் குழாயத் தொடவே தொடாது, உங்க மூச்சத்தான் பிடிக்குது. நடங்க, மருந்து சாப்பிடுங்க, சிகரெட்ட விடுங்க. அதுதான் உங்க கையில இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நூல எவ்வளவு இறுக்கமாப் பின்னுவீங்க?"

"ரொம்ப இறுக்கினா உள்ள மடிஞ்சிடும் டாக்டர். ரொம்ப லூசா விட்டாலும் உப்பிடும்."

"வெளிநாட்டுலயும் அந்த அளவத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

அண்ணன் துணியை அவிழ்த்தார். பல நாளுக்குப் பிறகு முழு மூச்சு இழுத்தார். நெஞ்சுத் தழும்பு மேலேறி இறங்கியது. அதற்கு உள்ளே, வலையும் உறையும் இல்லாமல், காலிலிருந்து வந்த வெறும் குழாய் ஒன்று இதயத்தின் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. டாக்டர் எதிரில் இருந்தார், கூச்சமாகிவிட்டது. கைகளைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.