டக் என்று கேட்டால்தான் படம்

வலது கையில் ஒரு கேமரா, இடது கையில் ஒரு கேமரா. டெக்ஸ்டர் கண்களை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்குகிறார், சந்தையில் முட்டைக்கோஸ் எடை பார்க்கிறவரைப் போல. கேம்ப் கடைத்தெருவில் இருக்கும் அந்தக் கேமராக் கடையில் இது ஆறாவது சனிக்கிழமை. பதினொரு மணிக்கு அவர் தலை வாசலில் தெரிந்தால் போதும், விற்பனையாளர் பத்ரிநாத் கேட்காமலே இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சாய்க்குச் சொல்லிவிடுவார்.

“இது கைல நிக்குது பத்ரி. நம்ம வீட்டுப் புள்ள மாதிரி” என்று வலது கையை உயர்த்துவார். பிறகு இடது கை. “இது? கோழிக்குஞ்சு. அழுத்திப் புடிச்சா செத்துடுமோன்னு பயமா இருக்கு.”

“சார், போன வாரம் இதே கோழிக்குஞ்சப் பாத்துதான் ‘ஏக்தம் பக்கா’ன்னீங்க.”

“அது போன வாரம்.”

வலது கையில் இருப்பது டிஎஸ்எல்ஆர். அதன் வயிற்றுக்குள் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. எதிரே நிற்பவரின் உருவத்தைப் படம் எடுப்பவர் கண்ணுக்குக் கொண்டுவருவது அதுதான். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி சட்டென்று எழும்பி வழிவிட்டு, படம் விழுந்ததும் கீழே இறங்கும். ‘டக்’ என்ற சத்தம் அங்கேதான் பிறக்கிறது. இடது கையில் இருப்பது மிரர்லெஸ். கண்ணாடி கிடையாது, கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி டிவி ஓடும். சத்தத்தை நிறுத்திவிட்டால், படம் எடுத்தது எடுத்தவருக்கே தெரியாது. டெக்ஸ்டர் முதலாவதற்கு ‘வாயாடி’ என்றும் இரண்டாவதற்கு ‘அமுக்குணி’ என்றும் பெயர் வைத்திருக்கிறார். இரண்டு பெண்களுக்கு நடுவே தவிக்கும் ஆணை வைத்து நாற்பது வாரத் தொடர்கதைகள் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நாயகர்கள் யாரும் இவரளவுக்குப் பெருமூச்சு விட்டதில்லை.

டெக்ஸ்டருக்கு வயது ஐம்பத்தாறு. தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வடக்கே வந்து தேஹு ரோட்டில் இறங்கியவர். குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. வாரநாட்களில் ராணுவ டெப்போவில் ஸ்டோர் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பகுதித் தமிழர்களின் போட்டோகிராபர். ஞானஸ்நானம், காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று இருபத்தாறு வருடங்களாக எந்த வீட்டு விசேஷமும் அவர் தோளில் தொங்கும் பழைய கேமராவைத் தாண்டிப் போனதில்லை. அந்தக் கேமராவின் வாரில் டெப்போச் சாமான்களுக்குக் கட்டுவதைப் போல ஒரு தகர வில்லை தொங்கும், எண்ணோடு. அவருடைய குடை, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக்கூடு எல்லாவற்றிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. “என் மேல மட்டும்தான் இன்னும் மாட்டல” என்பார் மனைவி ஹெலினா.

படம் எடுப்பதற்கு டெக்ஸ்டரிடம் ஒரு முறை இருக்கிறது. “மூச்சு புடி. ஹில்னா நஹி. ஏக்… தோ…” என்பார்; அசையக் கூடாது, ஒன்று, இரண்டு. அதன்பிறகு நான்கு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு ‘டக்’. அதுவரை தேஹு ரோட்டுத் தமிழர் ஒருவரும் மூச்சு விட மாட்டார். வயிறு உள்ளே, நெஞ்சு வெளியே, கண் விரிய, உதட்டில் ஒரே அளவில் நறுக்கிய புன்னகை. சத்தம் கேட்ட பிறகுதான் மனிதர் ஆவார்கள். அவர் எடுத்த ஞானஸ்நான ஆல்பத்தைத் திறந்தால் பதினெட்டுப் பேர் விறைத்து நிற்பார்கள். நடுவில் கைக்குழந்தை மட்டும் இயல்பாக இருக்கும். அதற்கு ஹிந்தி தெரியாது.

சத்தத்தின்மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று, அவர் பக்கத்து வீட்டில் இருக்கும் நான் ஒருமுறை கேட்டேன்.

“ஸ்டோர்ல சாமான் குடுத்தா சீல் குத்துறோம் இல்ல? டக்! அப்பத்தான் குடுத்தது குடுத்தது. சத்தம் வரலன்னா போட்டோ எடுத்ததுக்கு என்னா சாட்சி?”

இந்தச் சாட்சிக்குத்தான் தை மாதத்தில் ஆபத்து வந்தது. டெப்போவில் அவருடன் வேலை பார்க்கும் ஜேசுராஜின் மகள் ஜெரால்டின், டெக்ஸ்டரின் ஞானமகள். தலையில் தண்ணீர் விழுந்து அவள் வீறிட்ட நாளிலிருந்து வேலையில் சேர்ந்த நாள் வரை எல்லாமே அவர் எடுத்த படங்கள்தான். டெக்ஸ்டருக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்குக் கிரேக் என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமானதும், பேடா டப்பாவோடு வந்து, தடுமாறும் தமிழில் சொன்னாள்.

“அங்கிள், நீங்க கல்யாணத்துக்கு… கெஸ்ட் மாதிரி வாங்க, ஓகே? போட்டோக்குப் பிம்ப்ரில வசந்தகுமார்னு ஒருத்தர், அவர்கிட்ட பேசிட்டோம்.”

“ஏன் பேட்டா, என் கேமராவுக்கு என்னா?”

“கேமரா இல்ல அங்கிள். உங்க போட்டோல நான் எப்பவும் ஆதார் கார்டு மாதிரி இருக்கேன்.”

டெக்ஸ்டர் சிரித்தார். அதுவும் ஆதார் கார்டுச் சிரிப்புதான். அவள் போன பிறகும் அதைக் கழற்றி வைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது என்று ஹெலினா என்னிடம் சொன்னார். அடுத்த இரண்டு நாளும் டெப்போவில் அவர் சீல் குத்திய சத்தமே கேட்கவில்லையாம். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் ஜேசுராஜ் மகளிடம் மன்றாடி ஒரு வழி கண்டுபிடித்தார். நிச்சயதார்த்தத்தை டெக்ஸ்டர் எடுக்கட்டும். படம் பிடித்திருந்தால் கல்யாணத்தன்று பீடத்துக்குப் பக்கத்தில் கேமராவோடு நிற்பது அவர்தான். பிடிக்காவிட்டால் கோட்டு போட்டுக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார வேண்டும்.

“ஒண்ணு மட்டும் செய்டா, புதுசா ஒரு கேமரா வாங்கு. உன்னுது இருமுது” என்றார் ஜேசுராஜ்.

அன்று தொடங்கியது இந்தச் சனிக்கிழமை யாத்திரை. டெக்ஸ்டர் யோசனை கேட்காத ஆள் இல்லை. பங்குச்சாமியாரைக் கேட்டார். “எது பூசைல சத்தம் போடாதோ அது” என்று அவர் தம் கஷ்டத்தைச் சொன்னார். தேஹு ரோடு ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோக்காரரிடம் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெட்ரோலா, சி.என்.ஜி.யா மாதிரி. எது வாங்கினாலும் வாங்கின அப்புறம் இன்னொண்ணுதான் நல்லா இருக்கும் சாஹேப்” என்றார். டெக்ஸ்டர் அதைக் கேட்டு மேலும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு எட்டே நாள் இருந்தபோது, அந்த ஆறாவது சனிக்கிழமை, ஹெலினாவே கூட வந்தார். துணைக்கு நானும் போனேன். ஹெலினா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் இழுத்தடிப்பது அவருக்குப் பிடிக்காது.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அஞ்சு நிமிஷத்துல சரின்னாரு இந்த மனுஷன்” என்றார் பத்ரிநாத்திடம். “ஒரு டப்பாவுக்கு ஆறு சனிக்கிழமை!”

“அன்னைக்கு அவசரப்பட்டதுலதான் பாடம் படிச்சேன்” என்றார் டெக்ஸ்டர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“படிச்சது போதும். ரெண்டுலயும் என்னை ஒண்ணு ஒண்ணு எடுங்க. எதுல நல்லா இருக்கேனோ அத வாங்கிட்டுக் கெளம்பலாம்.”

முதலில் வாயாடி. ஹெலினா நிமிர்ந்தார், விறைத்தார், டக், தளர்ந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடப் பழக்கம். அடுத்து அமுக்குணி. ஹெலினா நிமிர்ந்தார், விறைத்தார். டெக்ஸ்டர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்துக்காக ஹெலினா காத்திருந்தார். அதே சத்தத்துக்காக டெக்ஸ்டரும் விரலை எடுக்காமல் காத்திருந்தார். வராத ஒன்றுக்காகக் கணவனும் மனைவியும் எதிரெதிரே நின்றார்கள். கடையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

“எடுத்தீங்களா இல்லையா? கழுத்துப் புடிச்சிக்கிச்சு!”

“எடுத்துட்டேன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா!” ஹெலினா தோளைத் தொங்கவிட்டுப் பத்ரிநாத் பக்கம் திரும்பினார். “இவர நம்பி ஒரு பொண்ணு நிச்சயதார்த்தம் வெச்சிருக்கு, பாருங்க” என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டெக்ஸ்டரின் விரல் இன்னும் பட்டனில்தான் இருந்தது.

பத்ரிநாத் கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளிக் காட்டினார். விரலை எடுக்காததால் வரிசையாகப் பல டஜன் படங்கள் விழுந்திருந்தன. முன்பாதி முழுவதும் ஆதார் கார்டு. அதற்குப் பிறகு தலை சாய்ந்து, ஒரு கண் பாதி மூடி, பல்லெல்லாம் தெரிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டெக்ஸ்டர் வெகுநேரம் பார்த்தார்.

“நான்தான். வேற யாரு?” என்றார் ஹெலினா, எட்டிப் பார்த்து.

“தெரியுது. ஆனா நம்ம ஆல்பம் ஒண்ணுலயும் இவ இல்லியே.”

இது என் தொடர்கதையாக இருந்தால் இந்த இடத்தில் மழையை வரவழைத்திருப்பேன். அன்று கேம்பில் நல்ல வெயில். டெக்ஸ்டர் சாயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “பேக் பண்ணு பத்ரி” என்றார். சத்தம் வேண்டுமென்றால் இதிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பத்ரிநாத் அழுத்திக் காட்டியதற்கு, “சீ, ரிவர்ஸ் எடுக்குற வண்டி மாதிரி கத்துது. அமுக்குணி அமுக்குணியாவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

நிச்சயதார்த்தம் பங்குக் கோவில் மண்டபத்தில் நடந்தது. மோதிரம் மாற்றி முடிந்ததும் குடும்பப் படத்துக்கு இருபத்திரண்டு பேர் நின்றார்கள். நடுவில் ஜெரால்டினும் கிரேக்கும். பக்கத்தில் ஜேசுராஜ், தொப்பையை முதுகெலும்பு வரை இழுத்துப் பிடித்து. டெக்ஸ்டரின் புதுக் கேமரா வாரில் அதற்குள் ஒரு தகர வில்லை ஏறியிருந்தது.

“மூச்சு புடி. ஹில்னா நஹி. ஏக்… தோ…”

அமுக்குணி தன் வேலையைச் செய்தது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு பேரும் விறைத்தபடியே நின்றார்கள். அரை நிமிடம் போயிற்று. யாரோ ஒரு அத்தைக்குக் கன்னம் துடித்தது. ஜேசுராஜின் முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்தது.

“எடுத்தாச்சாடா?” என்றார் உதட்டை அசைக்காமல்.

டெக்ஸ்டரின் நெற்றியில் வியர்வை. கேமராவின் குட்டி டிவிக்குள் இருபத்திரண்டு ஆதார் கார்டுகள். அதில் ஒன்று அவருடைய ஞானமகள். ‘எடுத்தாச்சு’ என்று சொல்ல வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குச் சொடுக்கினார்.

“டக்!”

மண்டபமே மூச்சு விட்டது. ஜேசுராஜின் தொப்பை பெல்ட்டுக்கு மேல் பொத்தென்று வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்த ஜெரால்டின் அப்பாவின் தோளில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கிரேக் வாய் திறந்து பார்த்தான். அப்போதுதான் டெக்ஸ்டரின் விரல் அழுத்தியது. அது யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் ஜெரால்டின் வந்து கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“அங்கிள்… இது எப்ப எடுத்தீங்க? நீங்கதான் முன்னாடியே ‘டக்’ பண்ணிட்டீங்களே?”

“தெரியல பேட்டா. புது கேமரா. என்னென்னமோ பண்ணுது.”

அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வசந்தகுமார்க்கு நான் போன் பண்ணிடறேன்” என்றாள். பிறகு கேமராவை அவர் கையிலேயே வைத்துவிட்டு, அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். “இன்னொண்ணு. நானும் அப்பாவும் மட்டும்.”

ஜேசுராஜ் தொப்பையை இழுத்துக்கொண்டார். எல்லாம் தெரிந்த ஜெரால்டின்கூடப் பழக்கதோஷத்தில் விறைத்தாள்.

டெக்ஸ்டர் கேமராவைக் கண்ணில் வைத்தார். “மூச்சு புடி. ஏக்… தோ…” நாக்கு அண்ணத்தில் சொடுக்கியது. டக். அப்பாவும் மகளும் மூச்சு விடும்வரை காத்திருந்து, பட்டனின் மேல் விரலை மெதுவாக இறக்கினார்.