சந்தனப் பொட்டுக்கு அடியில்

என் காரைப் பற்றி என் மகனுக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. மீட்டரில் இன்னொரு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதை விற்றுவிடுவான். கார் அவன் பெயரில் இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியைக்குக் கடன் கொடுக்க வங்கிக்கு மனம் வராததால் மாதத் தவணையும் அவனே கட்டினான். ஓட்டுவது மட்டும் நான். சட்டப்படி அவன் சொன்னதுதான் செல்லும். அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதுக்கு மேல்தான். அதுவரை என் கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டேன். அவர் போன பிறகு, யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று வாசலில் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் போவேன். ரயிலில் போகலாமே என்று மகன் கேட்பான். அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவதற்கு ரயில் தோதுப்படாது. ஸ்டேஷனில் காத்திருப்பதற்குள் கோபம் ஆறிவிடும். கார் இருந்தால் வீடு வந்து சேரும்வரை அப்படியே இருக்கும்.

விளக்குகளை நான் மதிக்காதவள் இல்லை. அவை பேசுகிற பாஷை எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். முதலில் எரிந்தது வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. நான் தமிழ்ப் பள்ளியில் வாழ்நாள் முழுவதும் கட்டுரை திருத்தியவள். பிள்ளைகள் தேவையில்லாத இடத்திலெல்லாம் ஆச்சரியக்குறி போடுவார்கள், நாமும் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவோம். அப்படித்தான் போனேன். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்காமல் பங்சார் வரை ஓட்டியிருக்கிறேன் என்பது கருகிய வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது பேட்டரிப் படம், சிவப்பாக. அது பேட்டரி என்று எனக்கும் தெரிந்தது. என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். பாசாருக்கு எதிரில் வண்டி நின்றுபோனது. மீன் வாங்க வந்தவர்கள் பையை ரோட்டோரம் வைத்துவிட்டுத் தள்ளினார்கள்.

மகன் வேலையிலிருந்து ஓடி வந்தான். தைப்பூசம் முடிந்த வாரம் அது. அன்றைக்குத்தான் பாடம் நடந்தது.

"சிவப்புன்னா உடனே ஓரமா நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணணும். மஞ்சள்னா ஓட்டலாம், ஆனா சீக்கிரம் காட்டணும். பச்சையும் நீலமும் சும்மா. அவ்ளோதாம்மா."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"இல்லம்மா. இன்னொரு லைட்டு எரிஞ்சா காடிய வித்துடறேன்."

இதைச் சொல்லிவிட்டு அவன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போன சித்திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம். வழக்கமாகப் போகும் சீன மெக்கானிக்கிடம் மகனுக்குத் தெரியாமல் கொண்டுபோனேன். ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, சென்சோர் சாஜா லா. போலே ஜாலான்," என்றார். சென்சார்தான், ஓட்டலாம். சாமான் வர இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னார். ஆனால் மகனின் கொள்கையில் சென்சாருக்கு என்று தனி விலக்கு எதுவும் இல்லை.

அந்த வாரமே கோவிலில் காருக்குப் பூஜை போட்டேன். வருஷா வருஷம் போடுவதுதான், இந்த முறை கொஞ்சம் முந்திக்கொண்டேன். ஐயர் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார், ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு வைத்தார். "மீட்டர் மேலயும் ஒண்ணு வச்சிடுங்க ஐயரே," என்று விளக்கு எரிகிற இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் வைத்தது சின்னது. வீட்டுக்கு வந்து சந்தனம் குழைத்து மிச்சத்தை நானே வைத்தேன். இருபது சென் காசு அளவுக்கு வந்தது. நடுவில் குங்குமமும் வைத்ததும் மிகவும் லட்சணமாக இருந்தது. என் மகன் சாமி இல்லை என்பான், ஆனால் சாமிப் பொட்டை அழிக்க மாட்டான். நம் வீட்டுப் பிள்ளைகளின் நாத்திகம் அந்த இடத்தில்தான் நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை, மத்தியானம் வரை தூங்குகிறவன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். "நானும் பெரியம்மா வீட்டுக்கு வரேம்மா."

காரை வேவு பார்க்க வருகிறான் என்று உடனே புரிந்துகொண்டேன். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவான். ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

ஃபெடரல் ஹைவேயில் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தன. அவன் பொட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். நடுவில் ஒருமுறை, "அம்மா," என்றான். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல." சுபாங் தாண்டியதும் மறுபடி, "அம்மா." "என்னடா?" "ஒண்ணுமில்லம்மா, நீங்க ஓட்டுங்க." பொட்டைப் பற்றித்தான் கேட்கப் போகிறான் என்று நான் அக்காவின் சாம்பாரைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டு வந்தேன். அந்தச் சாம்பாரைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

பத்து தீகா வளைவு தாண்டியதும் பானெட்டின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. முன்னால் போகும் லோரியின் புகை என்று கொஞ்ச தூரம் நம்பினேன். பிறகு முன்னால் லோரியே இல்லை என்பதைக் கவனித்தேன். அவசரப் பாதையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். இருவரும் தடுப்புக் கம்பியைத் தாண்டிப் புல்லில் போய் நின்றோம். அவன் இழுவை லோரிக்குப் போன் செய்தான்.

என் காரில் இன்ஜின் சூட்டுக்கு முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு விளக்கின் இடம் மஞ்சள் விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் பொட்டு இரண்டையும் சேர்த்தே மூடியிருக்கிறது. இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"சுபாங்லேருந்து எரியுதும்மா. உங்களுக்குப் பொட்டு மறைக்குது. என் பக்கத்துலேருந்து பார்த்தா ஓரமா சிவப்பு தெரிஞ்சுச்சு."

"கண்ணு தெரியுது, வாய் இல்லையா உனக்கு?"

"சொன்னா, காடிய விக்கத்தான் கத கட்டுறேன்னு சத்தம் போடுவீங்க."

"நான் எப்படா சத்தம் போட்டேன்?"

ஹைவேயின் இரைச்சலைத் தாண்டி அது கேட்டது.

முப்பத்து நான்கு வயது. அவனுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள் என்று அக்காவிடம் நான் பெருமையடித்துக்கொள்வேன். அப்பேர்ப்பட்டவன், இன்ஜின் வெந்துபோனாலும் பரவாயில்லை, அம்மாவிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறான். எனக்கு வலித்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் தனித்தனியாக வந்ததில்லை.

இனி கார் இல்லை என்பதும் புரிந்துவிட்டது. மனதுக்குள் வாதங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் லோரி வந்துவிட்டது.

லோரி ஓட்டுநர் நம் ஆள்தான், நாற்பது வயது இருக்கும். காரை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, "முன்னாலயே ஒக்காந்துக்குங்கக்கா, எடம் இருக்கு," என்றார். இடம் ஒருவருக்குத்தான் இருந்தது. மகன் நடுவில் ஏறி, கியருக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். நான் ஜன்னலோரம்.

"கேஸ்கெட் போயிருக்கும்க்கா. செஞ்சிடலாம்," என்றார் ஓட்டுநர்.

நான் உடனே மகனிடம் திரும்பினேன். "கேட்டியா? செஞ்சிடலாமாம். விக்கிற பேச்சே எடுக்காத."

லோரி கிள்ளான் பட்டறையை நோக்கி ஷா ஆலத்தைத் தாண்டியது. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் விக்கணும்னு சொன்னது லைட்டுக்காக இல்லம்மா," என்றான்.

"பின்ன?"

"எனக்கு வேல போச்சு. பொங்கலுக்கு முந்தியே. காடிக்குக் கட்ட முடியல. இன்னிக்கு அதச் சொல்லத்தான் உங்ககூட வந்தேன்."

ஓட்டுநர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். நல்ல மனிதர்.

பொங்கல் போய், தைப்பூசம் போய், சித்திரையும் வந்துவிட்டது. அத்தனை நாளும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போனான். சாயங்காலம் வந்ததும் வேலை எப்படி இருந்தது என்று கேட்பேன். பரவாயில்லை என்பான். நான் சோறு போடுவேன். பகல் முழுவதும் எங்கே போய் உட்கார்ந்திருந்தான்? மத்தியானம் எதையாவது சாப்பிட்டானா? நான் மீட்டரைச் சந்தனத்தால் மூடிக்கொண்டு, இவன் என் காரைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று அக்காவிடம் வாராவாரம் புலம்பியிருக்கிறேன்.

வாய்க்கு நிறைய வந்தது. ஏன் சொல்லவில்லை என்பது முதலில் வந்தது. அந்தக் கேள்விக்குப் புல்லில் நிற்கும்போதே அவன் பதில் சொல்லியிருந்தான்.

"வித்துடு," என்றேன்.

அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "திட்டலையா?"

"வீட்டுக்குப் போயித் திட்டுறேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். அழுதான். மூன்று பேர் ஒட்டி உட்கார்ந்திருந்த அந்த இடத்தில், தோள் மட்டும் குலுங்க, துளிச் சத்தம் வராமல் அழுதான். சத்தம் வராமல் அழ எப்போது பழகினான் என்று அவனிடம் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில்தான் வந்திருக்கும்.