மாடியில் இரண்டு அறை காலி

வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அவசரகாலத்தில், கோலசிலாங்கூர் டவுனில் வாடகைக்கு ஓர் அறை பிடிப்பதைவிட மாப்பிள்ளை பிடிப்பது சுலபம். நான் இரண்டையும் செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

ரப்பர்த் தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, கம்பி வேலிக்குள் ஒன்றாக நெருக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்குள் போக மனமில்லாதவர்கள், உள்ளே சேர்க்கப்படாதவர்கள், காட்டோரம் கடை வைத்துப் பயந்துபோனவர்கள் என்று சபாக் பக்கமிருந்தும் அசாம் ஜாவா பக்கமிருந்தும் ஜனங்கள் டவுனில் வந்து இறங்கினார்கள். வீடுகள் என்னவோ இருந்தவைதான். ஓர் அறையைப் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். அந்த இரண்டையும் சாக்குத் திரை போட்டு நான்காக்கினார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு குடும்பமே இருந்ததை நான் பார்த்தேன். யாராவது படியிறங்கினால் அவர்கள் சோற்றில் தூசி விழும். அதற்கும் வாடகை! வாடகை பேசுவதற்கு முன்பே ‘கோப்பிக் காசு’ என்று ஒரு தொகையை வீட்டுக்காரன் கையில் திணிக்க வேண்டும். அதற்கு ரசீதும் கிடையாது, அது திரும்பியும் வராது. நாசமாய்ப் போகிறவர்கள், ஊரே ஒண்ட இடமில்லாமல் தவித்தபோது இவர்களுக்குக் கோப்பி கேட்டது.

எனக்கு அறை தேவைப்பட்டது ஒண்டுவதற்கு மட்டுமல்ல. கல்யாணமான எட்டாம் மாதம், காட்டுக்காரர்களுக்கு வேண்டியவர் என்று என் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தோட்டத்துச் சங்கத்துக்குச் சந்தா வசூலித்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. தடுப்பு முகாமில் இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள். நான் அண்ணன் வீட்டு லயத்தில் ஒட்டிக்கொண்டு பால் மரம் சீவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி கூப்பிட்டு ஓர் இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துச் சொன்னார். புருஷனை விடுவார்களாம். ஆனால் அவர் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, டவுனில் ஒரு வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் பொறுப்பானவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, ‘இந்த ஆள் என் வீட்டில் இருப்பார், இவருக்கு நான் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அவர் முகாமிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நான் ஏழு வீட்டில் உண்மையைச் சொன்னேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் கும்பிட்டு அனுப்பினார். நம் ஆள் ஒருத்தர், வாராவாரம் கோயிலில் திருநீறு அள்ளிக் கொடுப்பவர், “இந்தத் தெருவுலயே நிக்காதம்மா” என்றார். எட்டாவது வீட்டில் நான் பொய் சொன்னேன்.

அது ஒரு சீனருடைய பலகைக் கடைவீடு. கீழே அவருடைய மளிகைச் சாமான் கடை. மாடி முழுவதையும் ஒரு கிறிஸ்துவ விதவை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஓர் அறையில் தான் இருந்துகொண்டு மற்ற மூன்றை உள்வாடகைக்கு விட்டிருந்தார். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். ஐம்பது வயதிருக்கும். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் கோப்பிக் காசு வாங்காத ஒரே வீடு அதுதான் என்று பாசாரில் சொன்னார்கள்.

என்னை அவர் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “புருஷன் எங்க?”

“கேமரன் மலையில ரோட்டு வேலை செய்றாருக்கா. வந்துடுவாரு.”

“பேரு?”

நான் குனிந்து நின்றேன். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்கு ஏது? அந்த நாளில் வீட்டில் இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். போலீஸ் எந்த நேரம் வந்தாலும் தாளில் உள்ள தலையும் வீட்டில் உள்ள தலையும் ஒத்துப்போக வேண்டும். “சரி, வந்தப்புறம் எழுதிக்கலாம். நீ நல்லா புருஷன் பேரு சொன்னே, போ” என்று சிரித்துவிட்டு என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். மூன்றாவது அறையில் என் பாயை விரித்தேன்.

அந்த அக்காவின் சட்டங்கள் இருக்கிறதே, அப்பப்பா! ஒரே அடுப்பங்கரை, நான்கு குடித்தனம். அவரவருக்கு முறை நேரம். சமைத்து முடித்ததும் சாம்பலை அள்ளி, அடுப்பைத் துடைத்து, அடுத்தவளுக்கு விட வேண்டும். துணிக்கொடியில் இன்னாருக்கு இத்தனை முழம். பெரிய வெள்ளிக்கிழமை அன்று மாடியில் யாரும் மீன் பொரிக்கக் கூடாது. தைப்பூசத்துக்கு நாங்கள் விரதம் இருந்தால், அந்த வாரம் அவரே கருவாட்டை வெளியே எடுக்க மாட்டார். டவுனில் மற்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வாடகையை ஏற்றிக்கொண்டிருந்தபோது இவர் ஏற்றவில்லை. “எங்கிட்ட கீழ்க்கடைத் தவுக்கே ஏத்தல, நான் எப்படி லா உங்கிட்ட ஏத்துறது?” என்பார். இவ்வளவு சுலபமான நியாயம் அந்த டவுனில் வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கடிதத்தில் சொல்லியிருந்த கெடு நெருங்கியது. ஒரு காலை, பாகான் நக்கோடா ஓமார் மீனவர் குப்பத்திலிருந்து வந்த மீனை அவர் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேமரன் மலை பொய், அவர் முகாமில் இருக்கிறார், நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வருவார் என்று.

கையில் கத்தியோடு அவர் எழுந்து நின்றார். “பொய் சொல்லியா என் வீட்டுல பாய் விரிச்சே? ஏண்டி, நான் என்ன அவ்வளவு கேனச்சியா? ரெண்டு குடும்பம் என்னை நம்பி இங்க படுத்திருக்கு. நாளைக்குப் போலீஸ்காரன் வந்து கதவத் தட்டுனா யாருடி பதில் சொல்றது?” கீழே சீனர் கடையில் சாமான் நிறுப்பதுகூட நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் காலை பாயைச் சுருட்டி மூட்டை கட்டி வைத்தேன். அக்கா மாதா கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில், குடையோடு வாசலில் நின்றார். “மூட்டை எதுக்கு? கையெழுத்துக் குடுக்கவா போறோம், கல்யாணத்துக்கா போறோம்? வெச்சிட்டு வா.”

ஸ்டேஷனில் அதிகாரி அவரை உட்காரச் சொல்லவில்லை. அந்த ஆள் ஓடிப்போனால் உனக்கும் சங்கடம் வரும் என்றார். அந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியாதுங்க. இவளைத் தெரியும்” என்று என்னைக் காட்டினார். “ஒரு மாசமா எங்க வீட்டுல சமைக்குறா. ஒருநாள்கூட அடுப்பத் தொடைக்காம விட்டதில்ல. ரூம்புக்கு ஆள் எடுக்குறவ மூஞ்சியப் பாத்து எடுக்க மாட்டா ஐயா, அடுப்பப் பாத்துத்தான். இவ புருஷன் ஓட மாட்டாரு.”

அதிகாரி சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. மெதுவாக, எழுத்துக் கூட்டி, கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து பேனாவை என்னிடம் நீட்டி, “வாயால சொல்ல மாட்டே, கையால எழுது” என்றார். கதவுத் தாளில் என் பெயருக்குக் கீழே என் புருஷன் பெயரை நானே எழுதினேன். எழுதும்போது அழுதேன், வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு வாரத்தில் அவர் வந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார், தேங்காய் உரிக்கப் போவார், வந்து அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். என்னிடமே ஒன்றிரண்டு வார்த்தைதான். மனுஷனை வெளியே கொண்டுவந்துவிட்டோம், ஆனால் அவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

முதல் மாதத்திலேயே பக்கத்து அறைக்காரர்கள் காலி செய்தார்கள். அடுத்த மாதம் மற்றவர்களும் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பிள்ளை குட்டிக்காரர்கள். ஒரு பாய் விரிக்கும் இடத்துக்கு நாலு பேர் சண்டை போட்ட அந்த டவுனில், எங்கள் மாடியில் இரண்டு அறை காலியாகக் கிடந்தது! கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அக்கா ஒவ்வொருவரையும் முதலில் கதவுத் தாளுக்கு முன்னால் நிறுத்துவார். “இவரு முகாம்லேர்ந்து வந்தவரு. மூணாவது ரூம்பு. ஒத்து வந்தா இரு.” அவர்கள் போய்விடுவார்கள். யாரும் கேட்காமலே ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “நீ சொல்லாம வந்தப்ப எனக்கு எப்படி எரிஞ்சுச்சு தெரியுமா?” என்றார்.

நான்காம் மாதம்தான் கவனித்தேன். அக்கா கழுத்தில் தங்கச் சங்கிலி இல்லை. சிலுவை ஒரு கறுப்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அறை காலியென்று தவுக்கே வாடகையைக் குறைப்பாரா? எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. “நாங்க போயிடுறோம்க்கா” என்றேன்.

“எங்க போவே? அந்தாளு எங்க இருந்தாலும் கையெழுத்து என்னுது. நீ போற எடமெல்லாம் நானும் பின்னாடியே வரவா? போய் அரிசியக் கழுவு.”

அதற்குப் பிறகு ஒரு மத்தியான வேளை, படியில் பூட்ஸ் சத்தம். காக்கிச் சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பையன் மேலே வந்தான். தோட்டக் காவலுக்கு எடுத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள். என் புருஷன் சட்டென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனால் அவன் சோதனைக்கு வரவில்லை. “அம்மா, ரூம்பு இருக்குன்னு சொன்னாங்க. சம்சாரம் கீழ நிக்குது, ஏழு மாசம். காக்கியப் பாத்தாலே யாரும் வீடு குடுக்க மாட்டேங்குறாங்க. எனக்கு ரூம்பு குடுத்தா காட்டுக்காரங்க குண்டு வீசுவாங்களாம்” என்றான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அக்கா அவனையும் கதவுத் தாளுக்கு முன்னால் நிறுத்தினார். அதே வார்த்தை, ஒன்றுகூடக் குறையாமல். அவன் தாளைப் படித்தான். பிறகு சாத்தியிருந்த எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

“எனக்குச் சரிம்மா. ஆனா அவரு ஒத்துக்குவாரா, என்னோட இருக்க?”

எங்கள் கதவு திறந்தது. என் புருஷன் வெளியே வந்தார், யாரையும் பார்க்கவில்லை. காக்கிச் சட்டையை ஒட்டிக்கொண்டு நடந்து விறுவிறுவென்று படியிறங்கினார். ஐயோ, ஓடுகிறாரே, அக்காவின் கையெழுத்து என்னாவது என்று நான் படிவரை ஓடினேன்.

கீழே அந்தப் பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுந்திருக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்து, மூச்சு வாங்க நின்றார்.

“எந்த ரூம்புக்கா?” என்றார்.