மாட்டுப் பொங்கலன்று நொண்டும் மாடுகள்

2004, மாட்டுப் பொங்கல் நாள். காலை ஆறு பத்துக்கு இரத்தினபுரியில் றக்வானை பஸ் ஏறினோம். டிக்கெட் முப்பது ரூபா. என்னோடு வந்தவர் மாட்டு வைத்தியர் டாக்டர் நஸ்ரின், மாவனல்லைக்காரர். மேலே தேயிலைத் தோட்டங்களில் மாடு நொண்டுகிறது என்று வருடம் முழுக்க அவரிடம் ஒருவரும் வருவதில்லையாம். மாட்டுப் பொங்கல் வந்தால் போதும், வரிசை கட்டி வருவார்களாம். டீக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மேல் மாட்டைப் பற்றி யோசித்திராத எனக்கு இதைக் கேட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

எட்டரைக்கு றக்வானை. அங்கிருந்து ஆறு கிலோமீற்றர் மேலே போக ஆட்டோக்காரர் இருநூறு ரூபா கேட்டார்.

"மேல பார சரியில்லீங்க, ரோடு முழுக்கக் குழி. கெட்டியா புடிச்சுக்குங்க," என்றார். பிடித்துக்கொண்டும் இரண்டு முறை தலை கூரையில் இடித்தது.

ஒன்பதரைக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனபோது மாடுகள் ஓடையில் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. கொம்பில் சாயம், கழுத்தில் மாலை. கடைசியாக ஒரு கறுப்புப் பசு முதுகை வளைத்து, பின்னங்கால் ஒன்றைத் தரையில் வைப்பதும் எடுப்பதுமாக வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் வேலு. பின்னால் உப்பும் மிளகாயும் கையில் வைத்தபடி அவர் மனைவி புஷ்பம். வீட்டுக்கு மாதச் சம்பளத்தோடு சேரும் ஒரே வருமானம் இந்தக் கறுப்பியின் பால்தான்.

"காலையில நல்லாத்தாங்க நின்னுச்சு. மாலையப் போட்டு ரோட்டுல எறக்குனோம், ஊரே பாத்துச்சு. கண்ணு பட்டுருச்சு," என்றார் வேலு.

"நாலு மணிக்கு எறச்சி யாவாரி லொறி வருதுங்க. இவரு குடுத்துடலாங்குறாரு," என்றார் புஷ்பம், கறுப்பியை ஒட்டி நின்றபடி. "நொண்டி மாட்ட நாளைக்கு யாரு வாங்குவான்?" என்று வேலு எரிந்து விழுந்தார்.

டாக்டர் மாட்டுப்பட்டியைச் சுற்றி வந்தார். சீமெந்துத் தரை, சாணமும் மூத்திரமும் ஊறிய ஈரம். புல்லை அறுத்துக் கொண்டுவந்து போடுகிறார்கள். மேய்ச்சலுக்கு இடமில்லை, தேயிலைக்குள் மாட்டை விட்டால் தோட்டத்தை நடத்தும் துரை சும்மா விடுவாரா?

"வேலு அண்ணே, கறுப்பி இதுக்கு முந்தி எப்ப நடந்துச்சி?"

வேலு தலையைச் சொறிந்தார். "நடக்கவா? போன மாட்டுப் பொங்கலுக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடம் ஒரே இடம்! நிற்கும் மாட்டைத்தான் தினமும் இரண்டு வேளை கறக்கிறார்கள். நடக்கும் மாட்டைப் பார்க்க வருடத்தில் ஒரே நாள்தான். நோவு எப்போதோ தொடங்கியிருக்கிறது, தெரிந்தது இன்றைக்கு. பழி ஊர்க்கண்ணின் தலையில்!

பத்தரைக்குக் கறுப்பியின் நொண்டும் காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டினார்கள். தேயாமல் வளர்ந்த குளம்பு செருப்பு நுனி மாதிரி மேலே வளைந்திருந்தது. டாக்டர் வளைந்த கத்தியால் சீவச் சீவ, அடியில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது. அதைத் தோண்டியதும் சீழ் பீறிட்டது. நாற்றம் தாங்காமல் நான் நான்கடி பின்வாங்கினேன். புஷ்பம் அசையவில்லை. கழுவி, மருந்து வைத்து, மற்ற குளம்புகளையும் சீவி முடிக்கப் பன்னிரண்டு மணி ஆனது.

கயிற்றை அவிழ்த்ததும் கறுப்பி அந்தக் காலைக் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தது. பிறகு மெதுவாக ஊன்றியது. புஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஈரம் படாம பாத்துக்கோங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் லயத்து ரோட்டுல நடக்க வெச்சிப் பாருங்க. முதுகு வளைஞ்சா எனக்கு ஆள் அனுப்புங்க," என்றார் டாக்டர். எல்லார் மாட்டையும் பார்த்து முடிக்க நாலு மணியாகிவிட்டது. லொறி ஹோர்ன் அடித்தது. வேலு மேலே ரோட்டுக்குப் போய், மாடு இல்லையென்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். எனக்குக் கைதட்டலாம் போல சந்தோஷம்.

ஆட்டோ வரை புஷ்பம் வழியனுப்ப வந்தார். பொங்கல் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, டாக்டரைப் பார்த்து மெல்லக் கேட்டார்:

"போன மாட்டுப் பொங்கலுக்கு எங்க செவலப் பசுவும் இப்படித்தாங்க நொண்டுச்சு. அன்னிக்கே யாவாரிக்குக் குடுத்துட்டோம். அதுக்கும் குளம்புதானுங்களா?"

டாக்டர் குனிந்து பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஆறு மாசச் செனைங்க அது," என்றார் புஷ்பம்.