காதில் சுளீர்

ஐயோ, அந்தத் தை மாதக் காலையை நினைத்தால் இப்போதும் காது மடல் கூசுகிறது. ஹெட்போனை எடுத்து மாட்டியதுதான் தாமதம், சுளீர்! யாரோ காதைக் கிள்ளியது போல இருந்தது. கழற்றி மேசையில் வீசினேன்.

அன்றைக்கு மூன்று மணிக்கு எனக்குத் தேர்வு. கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு மணி நேரம் ஹெட்போனைக் கழற்றாமல், கேட்பதை அப்படியே அடித்துக் காட்ட வேண்டும். இடையில் நிறுத்தினால் அவ்வளவுதான், மறு வாய்ப்பு கிடையாது. ராகலைக்கு மேலே மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் உட்கார்ந்துகொண்டு கம்பெனி வேலை! சந்தோஷத்தில் இரண்டு நாளாகச் சோறே இறங்கவில்லை. இந்த நேரம் பார்த்தா இந்தச் சனியன் கிள்ள வேண்டும்?

"கரண்டு அடிக்குது புள்ள!" என்றாள் அம்மா. அவள் முகம் வெளிறிவிட்டது.

கரண்ட் என்றால் எங்கள் லயமே நடுங்கும். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றிலும் பழைய வயர்கள். தொட்டால் அடிக்கும், ஒரு வீட்டில் பொறி பறந்தால் மொத்தமும் எரிந்துவிடும். அதனால் அயர்ன் பெட்டியால் துணி தேய்ப்பதென்றாலும் பலகை மேல் ஏறி, செருப்புப் போட்டுக்கொண்டுதான் தேய்ப்போம். தரையில் கால் படக்கூடாது என்பது எங்கள் சட்டம்.

கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அம்மா அந்தப் பலகையைத் தூக்கி வந்து என் காலடியில் போட்டாள். அதன் மேல் பிளாஸ்டிக் உரப்பையை நான்காக மடித்து விரித்தாள். ரப்பர் செருப்பை மாட்டச் சொன்னாள். நைலோன் சுவெட்டருக்கு மேல் இன்னொரு நைலோன் சுவெட்டரையும் போட்டுவிட்டாள்.

"கால மட்டும் கீழ வச்சிராத" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சரியாகிவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? அதற்கு முன் எப்போதாவது ஒரு தடவைதான் அடித்தது. இப்போது பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தபடி கொஞ்சம் அசைந்துவிட்டு ஹெட்போனைத் தொட்டாலே சுளீர், சுளீர்!

தேயிலை பெக்டரியில் வயர் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். டெஸ்டரோடு ஓடி வந்தார். ஹெட்போனில் வைத்தார், லேப்டாப்பில் வைத்தார். எதிலும் எரியவில்லை. சார்ஜரையே பிடுங்கிவிட்டு, "இப்ப போடுங்க தங்கச்சி" என்றார். போட்டேன். சுளீர்!

"வயரே இல்லாம எங்கேருந்து அடிக்குது?" என்று திருதிருவென்று முழித்தார். தன் ஹெட்போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் அடித்தது. அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அம்மா மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. என் கண்ணைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். பீலித் தண்ணீரில் கழுவிய ஈரக்காலோடு வெறும் சிமெண்டுத் தரையில் நின்றபடி, "எங்க, குடு பார்ப்போம்" என்று ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டினாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்? ஆத்திரத்தில் மேல் சுவெட்டரைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன். படபடவென்று பொரிந்தது. முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

அட கடவுளே! கரண்ட் சுவரிலிருந்து வரவே இல்லை, என் உடம்பில்தான் இருக்கிறது! பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கி விளையாடினோமே, அதேதான். மழையில்லாத காய்ந்த பனிக்காலம். நைலோன் சுவெட்டர் பிளாஸ்டிக் கதிரையில் உரச உரச உடம்பில் கரண்ட் சேர்கிறது. தரையில் கால் பட்டால் தானாக இறங்கியிருக்கும். நாங்களோ பலகையும் பையும் செருப்பும் போட்டு அதை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறோம்!

"பலகைய எடுங்கம்மா! எல்லாத்தையும் எடுங்க!"

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" அம்மா என் கையை இறுகப் பிடித்தாள்.

கையை உதறி, எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டேன். இன்னொரு சுவெட்டரும் போனது. பருத்திச் சட்டையோடு, தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வெறுங்காலை வைத்தேன். குளிர் உச்சி வரைக்கும் ஏறியது. ஹெட்போனை மாட்டினேன். ஒன்றுமில்லை. ஆடினேன், குதித்தேன், மறுபடி தொட்டேன். ஒன்றுமே இல்லை! சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அவள் நம்பவில்லை. பகல் வேலைக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

மூன்று மணி ஆக ஒரு நிமிடம் இருக்கும்போது என் கணுக்காலில் ஏதோ சூடாகப் பட்டது. குனிந்து பார்த்தேன். அம்மா மேசைக்கு அடியில் அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் காலைப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா இது? விடுங்க!"

"அடிச்சா ரெண்டு பேருக்கும் சேத்தே அடிக்கட்டும். நீ ஒன் வேலையப் பாரு."

ஒரு மணி நேரமும் அந்தப் பிடி தளரவில்லை. கடைசி வரியை அடித்து அனுப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். திரையில் பதில் வந்தது: திங்கட்கிழமை வேலையைத் தொடங்கலாம்.

"கெடச்சிருச்சும்மா! வேலை கெடச்சிருச்சு!"

அம்மா கையை எடுக்காமலே அண்ணாந்து பார்த்தாள்.

"கரண்டு அடிக்கலதானே?" என்று கேட்டாள்.