போத்தலுக்கு எடுக்காத தண்ணீர்

மாமாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம். "நீங்களும் எழுதுங்க மச்சான்" என்று மாமாவின் மகள் லண்டனிலிருந்து கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். மாமாவின் ஆராய்ச்சிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். ஊரிலிருந்து போய் இறங்கிய எத்தனையோ பேருக்கு அவர் வீட்டில்தான் முதல் சோறு கிடைத்தது என்பதையும் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது ஒரேயொரு நாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் அண்ணனான மாமா, லண்டனிலிருந்து மாமியோடும் மகளோடும் வாவிக்கரையிலிருக்கும் எங்கள் ஊரான கொக்கட்டிச்சோலைக்கு வந்திருந்தார். வயலுக்குப் போடும் உரம் வாவித் தண்ணீரை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அப்பாவின் தோணியில் மூன்று நாள் அலைந்து, இருபது போத்தலில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயரை ஒட்டி வைத்திருந்தார். மிச்சமிருந்தது ஒரே காரியம். அம்மப்பா இறந்தபோது அவரால் வர முடியவில்லை. அதனால் ஆடி அமாவாசையன்று அமிர்தகழிக் கோயில் குளத்தில் தீர்த்தமாடி, தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மறுநாள் விமானம் ஏற வேண்டும்.

போத்தல்களைப் பார்த்து அம்மா முகம் சுளித்தார். "இந்தக் கலங்கல் தண்ணியக் கண்டா வெள்ளக்காரன் நம்மள என்ன நினைப்பான்?" எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், இருபதையும் கொட்டினேன். மண் போட்டுக் கழுவி எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். பெயர் ஒட்டிய கடதாசி ஒன்றுகூட நனையவில்லை. ஒரு வருட வேலை அந்தப் போத்தல்களை நம்பி இருந்தது எனக்கெப்படித் தெரியும்?

மாமா வந்ததும் நானே கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாத்தையுமா மனே?"

"ஓம் மாமா. இருவதும்."

"நல்லாக் கழுவியிரிக்காய்" என்றார்.

மாமியிடம், போத்தல்களைத் தானே பிழையாக மூடிவிட்டதாகவும், நாளைக்கு மறுபடி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். "உங்கட அப்பாவ விடத் தண்ணியா பெரிசு?" என்று மாமி கேட்டார். இவ்வளவு படித்தவர் மாமிக்குப் பயந்து பொய் சொல்கிறாரே என்று நான் நினைத்தேன்.

மறுநாள் மற்ற எல்லாரும் அமிர்தகழிக்குப் போனார்கள். மாமாவும் நானும் கருக்கலிலேயே தோணியில் புறப்பட்டோம். அவர் கம்பு ஊன்றினார். கடதாசியில் இருந்த பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பது என் வேலை. பத்தாவது போத்தல் முடிந்ததும் தோணியை நிறுத்திவிட்டு மாமா நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார். அமிர்தகழிப் பக்கம் திரும்பி மூன்று தரம் முழுகினார். பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, மெல்ல விட்டார். ஏறி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அத ஏன் மாமா போத்தலில விடல்ல?"

"அது போத்தலுக்கு இல்ல மனே."

போத்தல்களுக்கு என்ன நடந்தது என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய மகளுக்கே இதை வாசிக்கும்போதுதான் தெரியவரும். நானும் அவர் இருக்கும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கூச்சம்தான்.

அன்று இருபதாவது போத்தலை மூடியபோது பொழுது சாய்ந்திருந்தது. பாவம், மாமாவுக்குத் தோணியில் போக எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை வரும்போதும் எல்லாவற்றையும் கொட்டி வைக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன்.